என் கைராசியும் கலைச்செல்வியின் வீடியோவும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனி பதினொரு வருஷம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. முக்கியமான வேலை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் மின்சாரத்தைத் திடீரென்று பிடுங்குவது. இதை வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மச்சினன் இன்றுவரை நான் அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு மூன்று தடவை திருத்திப் பார்த்தேன், அவன் காதில் விழவில்லை. இப்போது அவன் வீட்டு ஃபேன் நின்றுபோனாலும் எனக்குத்தான் போன் வருகிறது.

ஓய்வு பெற்றபின் நான் பாட்டுக்கு இருந்தேன். போன மாதம் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் பிரதீப் ஒரு போட்டோ போட்டான். என் மேஜை இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. மின்சாரத்தை அதுவே வெட்டுமாம், அதுவே திரும்பக் கொடுக்குமாம், என்ன பழுது என்று அதுவே பார்த்து எழுதி வைக்குமாம். “சார், உங்க வேலைய இதான் பண்ணுது. ஆனா இதுக்குக் கைராசி இருக்கான்னு தெரில” என்று கீழே எழுதியிருந்தான். அவ்வளவுதான், அந்தக் கைராசிக் கதையை எழுதுங்கள் என்று நாலைந்து பேர் பிடித்துக்கொண்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் அந்தச் சமயத்தில் கம்பெனியிலேயே இல்லை. கதை அவர்களிடம் கை கால் முளைத்துப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதில் நான் ஏதோ பெரிய மனிதன் மாதிரி வருகிறேன். நடந்தது அப்படியில்லை என்று சொல்வதற்காகவாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என்னைப் பற்றி அதிகம் இல்லை. பெயர் ஏகாம்பரம், ஊர் அயனம்பாக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். வயலெல்லாம் மனையானபோது எங்கள் தலைமுறை தொழிற்பேட்டைக்குள் நுழைந்தது. பாலிடெக்னிக் படித்தேன், ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் சேர்ந்தேன், புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன், மூன்று கம்பெனி மாறினேன். எல்லார் வாழ்க்கையிலும் இருப்பதுதான்.

நான்காவதாகச் சேர்ந்த கம்பெனிதான் இது. நாங்கள் செய்தது டிஸ்க் பெட்டி. சின்ன ஆஸ்பத்திரிகளும் ஸ்கேன் சென்டர்களும் தங்கள் படங்களையெல்லாம் கொட்டி வைக்கும் பெட்டி. அதற்குள் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடியது. ஒரு கட்டத்தில் மேலே உட்கார்ந்திருந்தவர்கள் லினக்ஸை விட்டுவிட்டு இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறுவது என்று முடிவெடுத்தார்கள். அதுவும் லினக்ஸ் மாதிரியே, அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். மாறியதற்கு அவர்களிடம் பத்துக் காரணம் இருந்தது. எங்களுக்கு ஒரே ஒரு தலைவலி. ஏற்கெனவே விற்ற பெட்டிகளில் இருந்த டிஸ்குகள் எல்லாம் லினக்ஸின் ஃபைல் சிஸ்டத்தில், அதாவது கோப்புகளை டிஸ்கில் அடுக்கி வைக்கும் அதன் முறையில், எழுதப்பட்டவை. புது சிஸ்டத்துக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆகவே அந்த ஃபைல் சிஸ்டத்தையே வேரோடு பெயர்த்துக்கொண்டுபோய்ப் புது சிஸ்டத்தில் நட வேண்டும். இதற்குப் பெயர் போர்ட் பண்ணுவது.

அது ஜர்னல் வைத்த ஃபைல் சிஸ்டம். ஜர்னல் என்றால் குறிப்பேடு. டிஸ்கில் ஒரு மாற்றம் செய்வதற்கு முன்னால், இன்ன இடத்தில் இன்னதை எழுதப் போகிறேன் என்று குறிப்பேட்டில் எழுதிவிடும். எழுதி முடித்ததும் கடைசியில் ‘சரி’ என்று ஒரு முத்திரை. அதன்பிறகுதான் உண்மையான இடத்தில் கை வைக்கும். நடுவில் கரண்ட் போனால் பரவாயில்லை. திரும்ப வந்ததும் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கும். முத்திரை உள்ள குறிப்பை எடுத்து வேலையை முடித்து வைக்கும், முத்திரை இல்லாததைத் தூக்கிப் போட்டுவிடும். பாதியில் நின்ற வேலையால் டிஸ்க் குழம்பிப்போகாது. அம்பத்தூரில் இருந்துகொண்டு இதன் அருமையை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

வேலையை நானும் பிரதீப்பும் பங்கு போட்டுக்கொண்டோம். பிரதீப் பூந்தமல்லியில் ஃப்ளாட் வாங்கியிருந்தவன், இருபத்தெட்டு வயசு, கெட்டிக்காரன், வாய் நிற்காது. கோப்பு, கோப்புகளைப் போட்டு வைக்கும் அடைவு, அனுமதி இதெல்லாம் அவன் பக்கம். குறிப்பேடும், டிஸ்கோடு பேசும் அடுக்கும் என் பக்கம். டிஸ்கோடு பேசுவதில்தான் இரண்டு சிஸ்டத்துக்கும் வழக்கமே வேறு. லினக்ஸ் செய்கிற ஒவ்வொன்றுக்கும் புதியதில் எது ஈடு என்று தேடித் தேடிப் பொருத்தினேன். நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தில் என் வீட்டுக்காரி தனம், “இந்த ஆளுகிட்ட பேசறதும் ஒண்ணுதான், அந்த செவுத்துகிட்ட பேசறதும் ஒண்ணுதான்” என்று அக்கம்பக்கத்தில் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

எங்களுக்கு மேலே சம்பந்தம் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் மாதிரி ஒருவரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக ‘ஏகாம்பரம்’. கொஞ்சம் எரிச்சல் என்றால் ‘ஏகாம்பரம் சார்’. ‘ஏகாம்பரம் அவர்களே’ என்று வந்துவிட்டால் சட்டைப் பையில் இருக்கும் பேனா தானாக நடுங்கும். அவர் அறையில் ‘ஓடுது’, ‘ஓடல’ என்ற இரண்டு வார்த்தைக்கும் தடை. என்ன செய்தீர்கள், என்ன பார்த்தீர்கள், அதைச் சொன்னால் போதும் என்பார். சொல்லி முடித்ததும் ஒரே வார்த்தை: “காட்டுங்க.” நாற்காலியை இழுத்துப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிடுவார். செய்து காட்டும்போது முதுகு கூசும்.

மின்சாரம் பிடுங்கும் சோதனைக்கு முறை எழுதிக் கொடுத்ததும் அவர்தான். சோதனைக் கம்ப்யூட்டரில் பத்தாயிரம் சின்னக் கோப்புகளை நகல் எடுக்க விட வேண்டும். பாதி ஆகும்போது மேஜை ஓரத்து சுவிட்சை அணைக்க வேண்டும். முப்பது நொடி. திரும்பப் போட வேண்டும். கம்ப்யூட்டர் எழுந்ததும் திரையில் வருவதைப் பார்த்து ஒரு தாளில் எழுத வேண்டும்: யார் செய்தது, எத்தனையாவது தடவை, குறிப்பேட்டிலிருந்து எத்தனை குறிப்பு மீட்கப்பட்டது, பழுது உண்டா இல்லையா. தாளை அவர் மேஜையில் வைத்துவிட வேண்டும்.

நான் முதல் நாள் இருபது தடவை அணைத்தேன். இருபதும் சுத்தம். பழுது என்ற கட்டத்தில் இருபது ‘இல்லை’. எனக்கே ஆச்சரியம். புது வேலை இவ்வளவு சமர்த்தாக நடந்துகொண்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் இன்னும் இருபது, அதுவும் சுத்தம். பிரதீப் எழுந்து நின்று கும்பிட்டான். “இன்னா கைராசி சார் உங்களுக்கு! பேட்டரி வாங்குனா உங்க கையாலதான் வாங்கணும்” என்றான்.

விளையாட்டாக ஆரம்பித்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. கம்பெனிக்குப் புது யு.பி.எஸ். வந்தால் முதலில் என்னைப் போடச் சொன்னார்கள். கணக்குப் பிரிவில் ஒருத்தர் புது ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு என் கையில் சாவியைக் கொடுத்தார். எங்கள் ஊரிலேயே ஏரியைப் பார்த்த மாதிரி ஃப்ளாட் வாங்கிய இன்னொருத்தர், பால் காய்ச்சும் நாளில் என்னை அழைத்துப்போய் முதல் விளக்கைப் போடவைத்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றுக்கும் போனேன். அந்த வயசில் யாராவது நம்மைத் தேடி வருகிறார்கள் என்றால் சுகமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் கலைச்செல்வி சேர்ந்தார். ஊர் தெற்கே திருமங்கலம் பக்கம். குழந்தைக்காக ஆறு வருஷம் வேலையை விட்டுவிட்டு, பையன் பள்ளிக்கூடம் சேர்ந்ததும் திரும்ப வந்தவர். கோவில்பதாகையில் வீடு, பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு ஆவடியில் ரயில் பிடித்து வருவார். இரண்டு மாதத் தகுதிகாண் காலம். ஆறு வருஷ இடைவெளி என்றதும் வேறு ஏழெட்டு இடத்தில் தட்டிவிட்டார்களாம். இந்த வேலை கையை விட்டுப் போனால் அடுத்ததற்கு ஆறு வருஷத்தோடு இதையும் சேர்த்து விளக்க வேண்டியிருக்கும். அவரே சிரித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார், ஆனால் சிரிப்பு கண்வரை போகவில்லை.

சோதனை வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அதே கம்ப்யூட்டர், அதே சுவிட்ச், சம்பந்தம் சாரின் அதே முறை. முதல் தடவை அணைத்துப் போட்டார், ஒரு அடைவு முழுக்கக் காணாமல் போனது. அடுத்து இரண்டு தடவை சுத்தம். நான்காவது தடவை டிஸ்கே எழுந்திருக்க மறுத்தது. பத்துக்கு மூன்று பழுது. உடனே நான் உட்கார்ந்து பத்துத் தடவை செய்தேன். ஒன்றுகூட இல்லை. அவர் திரும்ப உட்கார்ந்தார், திரும்பப் பழுது.

ஒரு வாரம் பிரதீப் தன் பக்கத்தில் தேடினான், நான் என் பக்கத்தில் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. நான் செய்தால் வராத பழுது அவர் செய்தால் மட்டும் வருகிறது. படித்தவர்கள் நிறைந்த அறையில் இதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்? எனக்கு வைத்ததைத்தான் திருப்பி அவருக்கு வைத்தார்கள். காபி மெஷின் மக்கர் பண்ணினால், “கலை தொட்டாங்களா?” லிஃப்ட் நின்றால், “கலை உள்ள இருக்காங்களா பாரு.” முதலில் அவரும் கூடவே சிரித்தார். ஒருநாள் புது மானிட்டர் வந்திறங்கியது. பிரிக்கலாம் என்று அவர் போனபோது பிரதீப், “ஐயோ, நீங்க வேணாங்க, சார் பிரிக்கட்டும்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய்ப் பிரித்தேன்.

அதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. புதுப் பெட்டிகள் வெளியே போகும் நாள் நெருங்கியது. சம்பந்தம் சார் கூட்டம் போட்டார். கலைச்செல்வி தன் தாள்களை வரிசையாக வைத்து, “இதுல ஏதோ இருக்கு சார். இப்படியே அனுப்புனா ஆஸ்பத்திரில ஒரு நா கரண்ட் போகும், யாரோட ஸ்கேனோ அழிஞ்சுரும்” என்றார். சம்பந்தம் சார் என்னைப் பார்த்தார். நான் என் தாள்களை வைத்தேன். இருநூறு தடவை, பழுது இல்லை. இரண்டு கத்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் கத்தைதான் தடிமன். கலைச்செல்வி செய்யும் முறையில் ஏதோ பிசகு இருக்கலாம் என்று கூட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். அவரைச் சோதனையிலிருந்து எடுத்துக் கையேடு எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். தகுதிகாண் காலம் மாதக் கடைசியில் முடிகிறது. சோதனைக்கு எடுத்த ஆளைச் சோதனைக்கு லாயக்கில்லை என்று மாற்றினால் அதன் அர்த்தம் அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அவர் என் மேஜைக்கு வந்தார். “சார், நீங்க பண்றதப் பக்கத்துல நின்னு ஒரே ஒரு தடவ வீடியோ எடுத்துக்கிறவா? நான் எங்க தப்புப் பண்றேன்னு பாக்கணும்” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலையைக்கூட வாரிக்கொண்டு வந்தேன். அவர் தலையை எடுக்கவில்லை. கையை மட்டும்தான் எடுத்தார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்குப்பின் பட்டரவாக்கம் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். கலைச்செல்வி நேராக என்னிடம் வந்து போனை நீட்டினார். “பாருங்க சார்.”

பார்த்தேன். நகல் ஓடுகிறது. பாதி ஆகிறது. என் வலது கை கீபோர்டுக்குப் போகிறது. சிங்க் என்று அடித்து என்டர். திரும்ப சிங்க், என்டர். மூன்றாவது தடவை சிங்க், என்டர். அப்புறம் சுவிட்ச்.

‘சிங்க்’ என்பது ஒரு கட்டளை. இதுவரை நினைவில் வைத்திருப்பதையெல்லாம் இப்போதே டிஸ்கில் எழுதி முடி என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது. சத்தியமாகச் சொல்கிறேன், அதை அடித்தது எனக்குத் தெரியவே தெரியாது. “இத நான் அடிக்கலயே” என்று வீடியோவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கலைச்செல்வி இன்னொரு தடவை ஓட்டினார். என் கை, என் மோதிரம், என் விரல்.

முதல் வேலையில், தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில், ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். மெஷினை அணைப்பதற்கு முன்னால் மூன்று தடவை சிங்க் அடிக்காவிட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போக விடமாட்டார். அந்தக் காலத்து டிஸ்க் மெதுவாகச் சுற்றும். இரண்டாவதையும் மூன்றாவதையும் அடிக்கிற நேரத்தில் அது முதலாவதை முடித்துக்கொள்ளும் என்பது கணக்கு. என் வயசில் அந்த மாதிரி மெஷினில் வேலை பார்த்த எவனைக் கேட்டாலும் இந்த மூன்றைச் சொல்வான். முப்பது வருஷப் பழக்க தோஷம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போகிற மாதிரி, சுவிட்ச் பக்கம் போவதென்றால் விரல் தானாக அடித்திருக்கிறது.

சோதனையே கம்ப்யூட்டர் எதிர்பார்க்காத நேரத்தில் அதன் உயிரைப் பிடுங்குவதுதான். நானோ ஒவ்வொரு தடவையும் காதோடு காதாக எச்சரித்துவிட்டுப் பிடுங்கியிருக்கிறேன். சிங்க் அடித்ததும் குறிப்பேடு காலி. அடுத்த குறிப்பு எழுத அது ஐந்து நொடி எடுத்துக்கொள்ளும். என் கை சுவிட்சுக்குப் போக இரண்டு நொடி. இருநூறு தடவையும் காலிக் குறிப்பேட்டைத்தான் சோதித்திருக்கிறேன்.

“உங்க தாள்ல ‘மீட்ட குறிப்பு’ன்னு ஒரு கட்டம் இருக்குல்ல சார், அது பூராவும் பூஜ்யம். என்னுது நாலு, ஏழு, பதினொண்ணு. பூஜ்யம்னா நல்லதுன்னு எல்லாரும் விட்டுட்டோம். மீட்க ஒண்ணுமே இல்லைன்னா சோதனையே நடக்கலைன்னுதான சார் அர்த்தம்?”

அவர் சொன்னது அத்தனையும் சரி. சரியாக இருந்ததால்தான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “இன்னாம்மா, போலீஸ் வேல பாத்துக்கினு கீறியா? கத்துக்கறேன்னு சொல்லி வீடியோ எட்த்துட்டு வந்து இங்க நிக்க வெச்சி கேக்கற?” என்று கத்தினேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவர் அசையவில்லை. “கத்துக்கத்தான் சார் எடுத்தேன். இத நானே கொண்டுபோய்க் காட்டுனா, மாத்துன கோவத்துல ஏகாம்பரம் சாரப் போட்டுக் குடுத்துட்டான்னு ஆகும். நீங்க சொன்னாதான் எடுபடும். மாசக் கடைசில எனக்கு ஒரு லெட்டர் வருது சார். இருக்கச் சொல்றதா, போகச் சொல்றதான்னு இதுலதான் இருக்கு. நாலு மணி வரைக்கும் பொறுக்கிறேன். அப்பயும் நீங்க சொல்லலைன்னா நானே போய்ச் சொல்லிருவேன்.” டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மணி ஒன்றே முக்கால். லேபுக்கு வந்தேன். யாரும் இல்லை. நகலை ஓடவிட்டேன். இந்தத் தடவை சிங்க் அடிக்கக் கூடாது என்று மனதுக்குள் உருப்போட்டேன். பாதி ஆனது. அடித்துவிட்டேன். சிரிக்காதீர்கள். மறுபடி ஓடவிட்டேன், மறுபடி அடித்துவிட்டேன். கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்து பார்த்தேன்; சுவிட்சுக்காக வெளியே எடுத்ததும் அது வழியில் கீபோர்டில் இறங்கிவிட்டுத்தான் போனது. கடைசியில் கீபோர்டின் வயரையே பிடுங்கி அலமாரிமேல் வைத்துவிட்டு சுவிட்சை அணைத்தேன்.

முப்பது நொடி கழித்துப் போட்டேன். மீட்ட குறிப்பு நாலு. நகல் எடுத்த அடைவு இருந்த இடத்தில் புரியாத எழுத்துக் குப்பை. பழுது.

ஆறு வாரமாக என் பக்கத்தில் தேடியும் கிடைக்காதது, இப்போது எங்கே பார்ப்பது என்று தெரிந்ததும் அரை மணியில் கிடைத்துவிட்டது. குறிப்பு முழுக்க டிஸ்கில் இறங்கியபின்தான் முத்திரை இறங்க வேண்டும். அதற்காக லினக்ஸில் ஒரு காத்திருப்பு உண்டு. அதற்கு ஈடு என்று நான் புது சிஸ்டத்தில் போட்டிருந்தது வேலை முடியும்வரை காத்திருக்கவில்லை. டிஸ்கின் வரிசையில் சேர்த்த உடனேயே ஆயிற்று என்று திரும்பி வந்துவிட்டது. தபாலாபீசில் கடிதத்தைக் கொடுத்த கையோடு, போய்ச் சேர்ந்துவிட்டது என்று கையெழுத்துப் போடுகிற மாதிரி. முத்திரை முந்திக்கொண்டு இறங்குகிறது, குறிப்பு இன்னும் வழியில், கரண்ட் போகிறது. எழுந்து பார்க்கும் சிஸ்டம் முத்திரையை நம்பிக் குப்பையை எடுத்து டிஸ்கில் எழுதுகிறது. அந்த வரி பிரதீப் எழுதியதில்லை. நான் எழுதியது. பழுதும் என்னுடையது, அதை மறைத்ததும் என் கை.

வெட்கமாக இருந்தது. பூசி மெழுக வேண்டியதில்லை. கூடவே இன்னொன்றும் தோன்றியது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வரியைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் போதும், பழுது நின்றுவிடும், பெட்டியும் நல்லபடியாக வெளியே போகும், வீடியோ விஷயம் எதற்கு என்று தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று ஐந்து. அந்தப் பெண் எனக்கு நேரம் குறித்துக் கொடுத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று இன்றும் நினைத்துக்கொள்வேன். கெடு இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு நிச்சயமில்லை.

சம்பந்தம் சார் அறைக்குள் போனேன். செய்ததைச் சொன்னேன், பார்த்ததைச் சொன்னேன்.

“காட்டுங்க, ஏகாம்பரம் அவர்களே.”

நாற்காலியை இழுத்துப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கீபோர்டை மாட்டிக்கொண்டு ஒரு தடவை செய்தேன். சொன்னபடியே என் விரல் மூன்று தடவை அடித்தது. சுத்தம். கீபோர்டைக் கழற்றிவிட்டு ஒரு தடவை செய்தேன். பழுது. அவர் எழுந்து போய்த் தன் மேஜையிலிருந்து என் இருநூறு தாள்களையும் எடுத்துவந்து பூஜ்யங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“இந்தக் கட்டத்தை வரைஞ்சவன் நான். ஆறு வாரமா இது என் மேஜையிலதான் இருந்தது. நான் பாக்கல” என்றார். பிறகு கதவைத் திறந்து வெளியே பார்த்து, “கலைச்செல்வி அவர்களைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க” என்றார். மணி நாலாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

அவர் பயந்துகொண்டே வந்தார். அந்த ‘அவர்கள்’ கோபத்தினால் வந்தது இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? சம்பந்தம் சார் எழுந்து நின்று, “கூட்டத்துல எழுதினது தப்பு. நாளைக்கு அதே கூட்டத்துல அதே ஆட்கள் முன்னாடி மாத்தி எழுதுவோம்” என்றார். அதேமாதிரி செய்தார். பிரதீப் தலையைக் குனிந்துகொண்டு, “சாரிங்க, நான் வாய வெச்சிக்கினு சும்மா இல்லாம...” என்று இழுத்தான். “மொதல்ல அந்த காபி மெஷினப் பாருங்க, அத நான் தொடலை” என்று கலைச்செல்வி சொன்னதும்தான் அறையே மூச்சு விட்டது.

பெட்டிகள் வெளியே போவது மூன்று வாரம் தள்ளிப்போனது. காத்திருப்பைத் திருத்தினேன். கலைச்செல்வி நாற்பது தடவை அணைத்தார். அதில் ஒரே ஒரு பழுது வந்தது. இந்தத் தடவை யாரும் அவர் கையைப் பற்றிப் பேசவில்லை, எல்லாரும் திரையைத்தான் பார்த்தோம். டிஸ்க் தன் சொந்த நினைவில் வைத்துக்கொண்டே எழுதிவிட்டேன் என்று சொல்கிறது என்று அவர்தான் கண்டுபிடித்தார். முத்திரைக்கு முன்னும் பின்னும் அதையும் கொட்டிவிடச் சொல்லி இரண்டு வரி சேர்த்தேன். அடுத்த இருநூறில் பழுது இல்லை, மீட்ட குறிப்பு ஒரு தடவைகூடப் பூஜ்யமாக இல்லை. சுவிட்ச் பக்கம் என்னை யாரும் விடவில்லை. நானும் கேட்கவில்லை. தனத்திடம் முழுக் கதையையும் சொன்னேன். “அப்ப அந்த ஸ்கூட்டர்காரர் கைல இன்னா சொல்வ?” என்று கேட்டுவிட்டு அரை நாள் சிரித்தாள்.

மாதக் கடைசியில் கலைச்செல்விக்கு லெட்டர் வந்தது. இருக்கச் சொல்லும் லெட்டர். அதே வாரம், நாங்கள் போர்ட் பண்ணியதை எல்லாருக்கும் பொதுவில் வைப்பதென்று கம்பெனி முடிவு செய்திருந்தது. பொதுவில் வைக்கும் ஒவ்வொரு திருத்தத்தோடும் ஒரு குறிப்பு எழுத வேண்டும்: என்ன பிழை, ஏன் வந்தது, யார் கண்டது, யார் திருத்தியது. என்டரைத் தட்டி அனுப்பிவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். என் பகுதித் திருத்தத்துக்கு நான்தான் எழுதினேன். எழுதிவிட்டு, பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கலைச்செல்வியைக் கூப்பிட்டேன்.

கடைசி இரண்டு வரி இப்படி இருந்தது. பிழையைக் கண்டவர்: கலைச்செல்வி. அதை ஆறு வாரம் மறைத்தவர்: ஏகாம்பரம்.

அவர் படித்துவிட்டு, “ரெண்டாவது வரி வேணாம் சார், எடுத்துருங்க. நீங்க தெரியாமத்தான பண்ணீங்க” என்றார்.

“தெரியாம பண்ணது அந்த மூணு சிங்க்குமா. புது மானிட்டர உன் கைலேந்து வாங்கிப் பிரிச்சேனே, எல்லாரோடயும் சேந்து சிரிச்சேனே, அது தெரிஞ்சிதான் பண்ணேன்” என்றேன்.

அவர் திரையில் அந்த இரண்டு வரியையும் இன்னொரு தடவை மெதுவாகப் படித்தார். பிறகு என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அவரே என்டரைத் தட்டினார்.